தலைச்சன் யார் பிள்ளை

அத்தியாயம் பதினேழு

சென்ற வாரம் பூருல் மூன்று பக்கம் நிறையக் கேள்விகள் எழுதி, ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படுத்தாள் அல்லவா? அந்த ஐந்தாவது கேள்வியைக் கேட்பதா வேண்டாமா என்று முடிவுக்கு வராமலேதான் விடிந்தது.

விட்டுப் படித்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூருல் நாரின் என்கிற மலையூரில் தனியாக வக்கீல் தொழில் நடத்துகிறவள். வயது முப்பத்தெட்டு. கணவன் திலெக் சீன எல்லைக்கு லாரி ஓட்டுகிறான். இந்த வாரம் கணவாயில் பனி மூடிவிட்டதால் எல்லையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறான்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதில் பிறந்த தலைச்சன் நூரிசா. எங்கள் பக்கத்து வழக்கப்படி தலைச்சன் பிள்ளை பெரியவர்களுடையது. நாற்பது நாள் கழிந்ததும் மாமியார் சூராகான் குழந்தையைத் தூக்கித் தன் படுக்கைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அதோடு நின்றிருந்தால் ஊரில் பாதி வீட்டில் நடக்கிற கதைதான். பிறப்புப் பதிவு அலுவலகத்தில் தெரிந்த ஆள் ஒருவன் இருந்தான். சான்றிதழிலும் தாய் என்ற இடத்தில் சூராகானின் பெயர் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு பூருலுக்குக் குழந்தையே பிறக்கவில்லை.

காகிதப்படி நூரிசா அவளுக்கு நாத்தனார். கூப்பிடுவதும் அண்ணி என்றுதான்.

இப்போது வந்திருக்கும் வழக்கும் அதே அச்சு. சூராகானின் தங்கை குலிபா கணவனை இழந்தவள். அவளுடைய ஒரே மகனும் மருமகள் ஜஸ்குலும் ஒரு வயதுப் பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டு மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனார்கள். போன இரண்டாம் வருடம் மகன் கட்டடச் சாரம் சரிந்து செத்தான். ஜஸ்குல் இன்னும் நாலு வருடம் அங்கேயே ஆஸ்பத்திரித் தரை துடைத்துவிட்டு, இந்தக் குளிர்காலத்தில் திரும்பி வந்து என் பிள்ளையைக் கொடுங்கள் என்று நிற்கிறாள். பையன் பைசலுக்கு ஏழு வயது. அவன் சான்றிதழிலும் தாய் குலிபாதான். ஜஸ்குல் நீதிமன்றத்துக்குப் போனாள். குலிபா பூருலிடம் வந்தாள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று போன வாரமே பல பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். சொல்வது சுலபம். தனியாகத் தொழில் நடத்துகிறவளுக்கு மாதம் பிறந்தால் யாரும் சம்பளக் கவர் நீட்டுவதில்லை. வருகிறவர்கள்தான் தொழில், அவர்களை அனுப்புகிறவர்கள்தான் முதல். முப்பது வருடம் தபால் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்திருந்த சூராகான், ஓய்வூதியம் வாங்க வந்த ஒவ்வொரு ஆளிடமும் என் மருமகள் வக்கீல், போய்ப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் பூருலின் கதவை முதன்முதலில் ஆட்கள் தட்டினார்கள். அந்த வாய்க்கு எதிராக அவள் எப்படி வாய் திறப்பாள்?

காலை எட்டரைக்கு அவள் அறையைத் திறந்தபோது வாசலில் நூரிசா நின்றுகொண்டிருந்தாள். நெற்றி முடியில் மூச்சு பட்டு வெள்ளையாக உறைந்திருந்தது. கையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு படிவம். ஒன்பதாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் எல்லாரும் வேலை பார்க்கிற ஒருவருடன் ஒரு நாள் முழுக்க இருந்து, பார்த்ததை எழுதி, அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டுமாம்.

"இன்னிக்குத்தான் வரணுமா? திங்கட்கிழமை வாயேன். ஒரு வேலித் தகராறு இருக்கு, பாக்க நல்லா இருக்கும்" என்றாள் பூருல்.

"இன்னிக்குத்தான் தேதி போட்டிருக்காங்க அண்ணி. எனக்குப் பதினாறு ஆயிடுச்சு, கோர்ட்டுக்குள்ள விடுவாங்க. நான் கேட்டுட்டேன்."

யாரிடம் கேட்டாள் என்று பூருல் விசாரிக்கவில்லை. அடுப்பில் கரியைத் தள்ளி, தேநீர் போட்டாள். மாமியார் வீட்டுப் பக்கம் போகும்போது கட்டுகிற தலைத்துணியை அவிழ்த்துக் கோட்டுப் பைக்குள் திணித்தாள். இந்த அறைக்குள் அவள் மருமகள் இல்லை.

நகல் எடுக்கும் கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. இதைப் பிடிக்க அவளுக்கு நாலு வருடம் ஆனது. முதல் வருடம் சந்தை ஓரத்தில் ஒரு மேசை போட்டு மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தாள். பரீட்சை தேறியவள்தான், உரிமம் இருந்ததுதான், ஆனால் நீதிமன்றத்தில் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் ஒரு குளிர்காலம் முழுக்க விசாரணை அறையின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து மற்றவர்கள் கேள்வி கேட்பதைக் கேட்டாள். குளிருக்கு ஒதுங்க வந்த பெண் என்று நினைத்து எழுத்தர் அவளுக்குக் கணப்புக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுப்பாராம்.

அப்போது ஆரம்பித்ததுதான் அந்தப் பழுப்பு அட்டை நோட்டு. அதில் ஜெயித்த வழக்கு ஒன்றுகூட இருக்காது. தோற்றவை மட்டும், எந்தக் கேள்வியால் தோற்றோம் என்பதோடு. முதல் பக்கத்தில் 'பதில் தெரியாத கேள்வியைக் கேட்டேன்' என்று இருக்கும். மூன்றாம் பக்கத்தில் 'பதில் வந்த பிறகும் பேசினேன்' என்று இருக்கும். வக்கீலுக்கு வாய்தான் சொத்து என்று ஊர் நினைக்கிறது. எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு எட்டு வருடம் பிடித்தது.

"இதை நான் எடுத்துட்டு வரட்டுமா?" என்று நூரிசா வழக்குக் கோப்பையும் நோட்டையும் அணைத்துக்கொண்டாள். சட்டைக் கை மேலே ஏறியதில் மணிக்கட்டிலிருந்த பழைய தழும்பு தெரிந்தது. பூருல் வேறு பக்கம் பார்த்தாள்.

*

நீதிபதி நடுவயதுப் பெண். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த புது முகத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, அது யார் என்று கேட்டார்.

பூருல் எழுந்தாள். "பள்ளிக்கூட வேலைக்காக வந்திருக்கா. என் வீட்டுப் பொண்ணுதான்."

"உறவு?"

"நாத்தனார்."

எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார். பொய் இல்லை. காகிதத்தைக் கேட்டால் காகிதமும் அதைத்தான் சொல்லும். திரும்பிப் பார்க்க பூருலுக்குத் தைரியம் வரவில்லை.

ஜஸ்குலின் வக்கீல் உலான் சின்னப் பையன், தொழிலுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பிரசவம் பார்த்த மருத்துவச்சியைக் கூட்டி வந்திருந்தான். பெற்றவள் ஜஸ்குல்தான் என்று மருத்துவச்சி சொன்னாள். குலிபாவும் அதை மறுக்கவில்லை. பெற்றவள் யார் என்பதில் தகராறே கிடையாது. சான்றிதழைத் திருத்தி, பையனைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் மனு. சட்டப்படி உலான் பாதி ஜெயித்துவிட்டான் என்று பூருலுக்குத் தெரியும். மீதிப் பாதி சட்டத்தில் இல்லை, எதிரே நின்ற பெண்ணின் மனதில் இருந்தது. அங்கே எங்கே தொட்டால் விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று இந்த ஊரில் வேறு எந்த வக்கீலுக்கும் தெரியாது.

முதல் மூன்று கேள்விகள் சாதாரணமானவை. எப்போது போனாய், எத்தனை தடவை வந்தாய், தட்டம்மை கண்டபோது யார் கூட இருந்தது. ஜஸ்குல் ஒளிக்காமல் பதில் சொன்னாள். விரல்களெல்லாம் மருந்துத் தண்ணீரில் வெளுத்து வெடித்திருந்தன.

"பைசல் உங்களை எப்படிக் கூப்பிடுறான்?"

ஜஸ்குல் தரையைப் பார்த்தாள். "அண்ணின்னு."

பின் பெஞ்சில் யாரோ காலை மாற்றி வைத்த சத்தம் கேட்டது.

பூருல் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அது போதாது என்று அவளுக்குள் இருந்த வக்கீலுக்குத் தெரிந்தது, போதும் என்று அவளுக்குள் இருந்த மற்றவளுக்குத் தெரிந்தது. குலிபா முன் பெஞ்சில் கைக்குட்டையைத் திருகியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன ஒரே மகனின் முகம் அந்தப் பையனிடம்தான் இருக்கிறது. அவளுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

"போன சனிக்கிழமை முற்றத்துல பையன் ஐஸ்ல வழுக்கி விழுந்தான். நீங்க அங்க இருந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"முழங்கால் கிழிஞ்சு ரத்தம். அழுதுக்கிட்டே எழுந்தான். அப்ப அவனுக்குக் கிட்ட நின்னது யாரு?"

"நான்தான்."

"யார்கிட்ட ஓடினான்?"

ஜஸ்குல் வெடித்த விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். நீதிபதி காத்திருந்தார். பூருலும் காத்திருந்தாள். பேசாமல் நிற்கக் கற்றிருந்தாள் அல்லவா, நின்றாள்.

"என்னைத் தாண்டி ஓடினான்" என்றாள் ஜஸ்குல். "நான் கையை நீட்டினேன். தாண்டிப் போயிட்டான்."

பூருல் உட்கார்ந்தாள்.

இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. நூரிசாவுக்கு நாலு வயதில் சமோவாரிலிருந்து வெந்நீர் மணிக்கட்டில் கொட்டியது. குழந்தை வீறிட்டது. பக்கத்தில் இருந்தது பூருல். இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை அந்தக் கைகளுக்குக் கீழே குனிந்து புகுந்து சூராகானிடம் ஓடிப் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்தது. மாமியார் அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பூருல் சிந்தின தண்ணீரைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் தலைநகர் பிஷ்கெக் போய்ச் சட்டம் படிப்பது என்று முடிவு செய்தாள். வீட்டில் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் போனாள். ஊர் அதை லட்சியம் என்று சொல்லிக்கொள்கிறது.

உலான் எழுந்து ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் ஜஸ்குல் நீதிபதியைப் பார்த்து, மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். உலான் அவள் கையைப் பிடித்து இழுத்தான். நீதிபதி மூன்று தடவை கேட்டார், புரிந்துதான் சொல்கிறீர்களா, யாராவது மிரட்டினார்களா, யோசிக்க நாள் வேண்டுமா என்று. யாரும் மிரட்டவில்லை என்றாள். பையனுக்கு வேண்டியது யார் என்று தெரிந்துவிட்டது என்றாள். எழுத்தர் அதையும் குறித்துக்கொண்டார்.

எட்டு வருடத்தில் பூருல் இவ்வளவு சுத்தமாக ஒரு வழக்கை ஜெயித்ததில்லை.

*

தாழ்வாரத்தில் குலிபா அவளைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டு அழுதாள். உடனே அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லவும் செய்தாள். ஆடு அடிக்கச் சொல்லியாகிவிட்டது, நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று பதில் வந்தது.

உலான் வந்து கை கொடுத்தான். தோற்ற முகமாக இருந்தாலும் மரியாதை குறையவில்லை. "அந்தக் கடைசிக் கேள்விக்கு என்கிட்ட மறுகேள்வி இல்ல அக்கா. கத்துக்கிறேன்" என்றான். புது இடத்துக்கு மாறியிருப்பதாகச் சொல்லித் தன் முகவரி அட்டையை நீட்டினான். பூருலின் கைகள் கோட்டு மாட்டுவதில் இருந்தன. நூரிசா அதை வாங்கிப் பழுப்பு நோட்டுக்குள் செருகினாள்.

ஜஸ்குல் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டு மறுபடி திரும்பி வந்தாள்.

"வக்கீலம்மா, உங்க மேல கோபம் இல்ல. உங்க வேலை அது. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

நூரிசா வழக்குக் கோப்பை மார்போடு அணைத்தபடி ஒரு முழம் தள்ளி நின்றாள். குலிபா இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள் பூருல்.

ஜஸ்குல் தலையாட்டினாள். நிம்மதியான மாதிரிகூட இருந்தது. "நெனச்சேன். இருந்திருந்தா அதைக் கேட்டிருக்க மாட்டீங்க."

அவள் போய்விட்டாள். பூருலுக்குக் கோட்டுப் பொத்தான் நாலு தடவை போட்டும் நிற்கவில்லை. அப்படி ஒரு வார்த்தையைப் பெற்ற பிள்ளையின் காது கேட்கச் சொன்னவளுக்குப் பொத்தான் எப்படி நிற்கும்?

*

கார் சூடாகப் பத்து நிமிடம் ஆயிற்று. நூரிசா பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். ஆற்றின் மேல் பனிக்கட்டி முறியும் சத்தம் அவ்வப்போது கேட்டது. பாலம் தாண்டியதும் நூரிசா நிமிர்ந்தாள்.

"அண்ணி, ஒரு சட்டச் சந்தேகம்."

"கேளு."

"என்னை மாதிரி வயசுல இருக்கறவங்க, பெரியவங்க யாரும் இல்லாம தானே கோர்ட்டுக்குப் போகலாமா?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். வாய் தானாகத் திறந்தது. "தன்னோட உரிமைக்குன்னா பதினாலு வயசுலேர்ந்தே போகலாம்."

"ம்." நூரிசா அதையும் எழுதினாள். பிறகு பேனாவை மூடினாள். "இன்னிக்கு ரெண்டு பேர் உங்ககிட்ட கேட்டாங்க. நீதிபதி ஒரு தடவை, அந்த அக்கா ஒரு தடவை. ரெண்டு தடவையும் என்னை இல்லன்னு சொல்லிட்டீங்க."

பூருல் காரை ஓரமாக நிறுத்தினாள். நிறுத்தாவிட்டால் எங்காவது முட்டியிருப்பாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"பன்னெண்டு வயசுலேர்ந்து. ஸ்கூல்ல ஒருத்தி சண்டையில சொன்னா. இந்த ஊர்ல தெரியாதவங்க யாரு, சொல்லுங்க? நீங்களா ஒரு நாள் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பூருலிடம் பதில் இருந்தது. ஒன்றல்ல, ஒன்பது இருந்தன. உன் அம்மாவுக்கு, அதாவது அத்தைக்கு, இதயம் சரியில்லை. உன் அண்ணனுக்கு, அதாவது... ஒவ்வொன்றும் ஆரம்பத்திலேயே இடறி விழுந்தது.

நூரிசா சட்டைக் கையை மேலே தள்ளினாள். "இது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க கை நீட்டினதும் ஞாபகம் இருக்கு. அவங்கதான் அம்மா, வலிச்சா அம்மாகிட்ட போன்னு சொல்லிக்கொடுத்திருந்தாங்க. போனேன். அந்தப் பையனும் அப்படித்தான் போயிருப்பான். யார்கிட்ட ஓடினான்னு கேட்டீங்க. யார்கிட்ட ஓடணும்னு அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னு ஒருத்தருமே கேக்கல."

உலானுக்குத் தோன்றாத மறுகேள்வி அது. பூருலுக்குப் பன்னிரண்டு வருடமாகத் தோன்றாத கேள்வி. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அழுகை வரவில்லை. அதற்கும் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அத்தைக்குத் தெரியுமா, உனக்குத் தெரியும்னு?" என்று கடைசியில் கேட்டாள்.

நூரிசா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "போகலாம் அண்ணி. கறி ஆறிடும்."

*

வீட்டு வாசலில் பூருல் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அறை முழுக்க உறவுக்காரர்கள். குலிபா பைசலை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். பையனின் முழங்காலில் பொருக்குத் தட்டியிருந்தது. அவன் பொரித்த மாவுருண்டையை வெண்ணெயில் முக்கித் தின்றுகொண்டிருந்தான்.

இதுநாள்வரை பூருல் அந்த அறையில் கதவுப் பக்கம் உட்கார்ந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றியவள். இன்றைக்கு சூராகான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தனக்குப் பக்கத்தில், கதவுக்கு எதிரே பெரியவர்களுக்கான இடத்தில் உட்கார வைத்தாள். கறி வந்தது. யாருக்கு எந்த எலும்பு என்பதில் எங்கள் வீடுகளில் ஒரு இம்மிகூடத் தப்பாது. மருமகள்களின் தட்டுக்கு என்றைக்கும் வராத இடுப்பெலும்பைச் சூராகான் தன் கையால் எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

"என் மருமக இன்னிக்கு ஒரு வீட்டைக் காப்பாத்தினா" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. அவள் கெட்டவள் இல்லை, வாசகர்களே. பயந்தவள். தங்கை தோற்றிருந்தால் அடுத்த கதவு எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரமாக அவள் தூங்கவில்லை.

எல்லாரும் உள்ளங்கைகளை விரித்தார்கள். பெரியவர் ஒருவர் வாழ்த்துச் சொல்ல, எல்லாரும் கைகளை முகத்தில் தடவிக்கொண்டார்கள். பூருலும் தடவிக்கொண்டாள்.

நூரிசா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பூருலின் வழக்கமான இடத்தில், கதவுப் பக்கம். கிண்ணங்களைச் சுற்றிலும் கொடுத்து முடித்ததும் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்து வேணும் அண்ணி. நாளைக்குக் கொடுக்கணும்."

சூராகான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தபால் ஆபீஸ் பழக்கம், நிரப்பாத இடம் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. "எல்லாம் எழுதியிருக்கே, இதை ஏன் விட்டுட்டே? உறவுன்னு போட்டிருக்கு பாரு. அண்ணின்னு எழுது."

"அதை அண்ணியே எழுதட்டும்மா. அவங்க வக்கீல். தப்பா எழுத மாட்டாங்க."

அறையில் பேச்சு சட்டென்று அடங்கவில்லை. ஆனால் சூராகானின் கை கண்ணாடியில் நின்றது. அவள் நூரிசாவைப் பார்த்தாள், பிறகு பூருலைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. முப்பது வருடம் ஜன்னலுக்குப் பின்னால் யாரையும் கெஞ்சாத பெண்.

பூருல் பேனாவை எடுத்தாள். தட்டில் இடுப்பெலும்பு. எதிரே குலிபாவின் மடியில் பையன். பக்கத்தில் மாமியாரின் மூச்சு ஏறி இறங்கியது. நூரிசா நின்ற இடத்தில் அசையாமல் நின்றாள். இரண்டு தடவை நடந்தது மூன்றாம் தடவை நடக்குமா என்று மட்டும்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சொல் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

பூருல் எழுதினாள். அண்ணி. கீழே கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும், இன்றைக்கும் அழகாக இருந்தது.

சூராகான் மூச்சை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றச் சொன்னாள்.

நூரிசா படிவத்தை வாங்கிப் படித்தாள். நாலாக மடித்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை, அதுதான் பூருலால் தாங்க முடியாததாக இருந்தது.

"ரொம்ப நன்றி, வக்கீலம்மா" என்றாள்.

*

வெளியே வந்தபோது மணி ஏழுகூட ஆகவில்லை. பூருல் காரைக் கிளப்பிவிட்டு, சூடாவதற்காக உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் பாத்திரம் எடுக்கிற நிழல்கள் போய் வந்தன. அதில் நூரிசா எது என்று தேடினாள். தெரியவில்லை.

பின் இருக்கையில் கிடந்த கோப்பிலிருந்து பழுப்பு நோட்டை எடுத்தாள். உள் விளக்கைப் போட்டு, புதுப் பக்கத்தில் தேதி எழுதினாள். குலிபா, ஜஸ்குல், பையனின் பெயர். எந்தக் கேள்வியால் தோற்றோம் என்ற இடத்துக்கு வந்ததும் நூரிசா சொன்னதை அப்படியே எழுதினாள். யாரிடம் ஓட வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நோட்டில் ஜெயித்த வழக்கு ஏறுவது அதுதான் முதல் தடவை.

உலானைக் கூப்பிட வேண்டும் என்று அப்போது தோன்றியது. ஜஸ்குல் இன்னும் ஊரை விட்டுப் போயிருக்க மாட்டாள். அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாவிட்டாலும், இல்லை என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையையாவது திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

உலானின் முகவரி அட்டைக்காகப் பக்கங்களைப் புரட்டினாள். நூரிசா செருகியதைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். காரில் ஏறும்வரை நோட்டு நூரிசாவின் கையில்தான் இருந்தது. முன்னாலிருந்து பார்த்தாள், பின்னாலிருந்து பார்த்தாள். நோட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள்.

பேனா மூடி ஒன்று மட்டும் மடியில் விழுந்தது.